ஊசி மட்டும் பாடிய தவக்காலம்

பிற்காலத்தில் அவர் ஒரு வயலின் படைக்கு நடுவே நின்று பாடிய பாட்டுகளை யாராவது என் முன்னால் புகழ்ந்தால் எனக்குக் கோபம் வரும். நல்ல குரல்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பாயசத்தில் மேலும் இரண்டு கரண்டி சீனி போட்ட மாதிரி இருக்கும் அந்தப் பாட்டுகள். அந்த மனிதர் முதலில் பாடகரே இல்லை. பியானோ வாசிக்கிறவர். இளம் வயதில் ஒரு சின்னக் குழுவை வைத்துக்கொண்டு, வாசித்துக்கொண்டே இடையிடையே பாடினார். எத்தனை பேர் அந்தக் குழுவில் என்பதைப் பிறகு சொல்கிறேன். என் கதையே அதில்தான் இருக்கிறது. உலகம் அவருடைய குரலைப் பிடித்துக்கொண்டு கையை விட்டுவிட்டது. அவரும் பியானோவை விட்டு எழுந்து மைக் முன்னால் போய் நின்றுவிட்டார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. இந்தப் பக்கங்களில் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். என் பெயர் உட்பட. அதற்குக் காரணம் அடக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அந்தப் பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றி ரசித்து ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். அந்தப் பாட்டைப் பற்றி எழுதினால் அண்ணன் மனைவியான என் மைனியைப் பற்றி எழுதவேண்டும். மைனியைப் பற்றி எழுதினால் நான் அவருக்குச் செய்ததை எழுதவேண்டும். அதை விட்டுவிட்டுக் கட்டுரை நன்றாக வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கு ஏற்றி இறக்கும். நான் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீசில் கிளார்க். வீட்டில் நான், அம்மா, மைனி மூன்று பேர். அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் வெளிநாட்டுக் கப்பலில் ஸ்டூவர்டு. ஒன்றரை வருடம் கடல், ஒரு மாதம் வீடு. கல்யாணம் முடிந்து இருபது நாளில் கப்பலுக்குப் போனவன். மைனிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, எனக்கு இருபத்து மூன்று. ஒரு வயது சின்னவர் என்றாலும் முறைக்குப் பெரியவர். நான் ‘நீங்க’ என்பேன். அவர் என்னை ‘கொழுந்தனாரே’ என்று இழுத்துக் கூப்பிட்டுக் கேலி செய்வார்.

மைனி கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் பியானோ படித்தவர். எங்கள் வீட்டில் பியானோவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் மாதா கோயிலில் காலால் மிதித்து வாசிக்கிற ஒரு பழைய ஆர்கன் இருந்தது. கல்யாணம் ஆகி வந்த இரண்டாம் மாதமே பாதிரியார், எங்கள் பங்குச்சாமி, அதை மைனியிடம் ஒப்படைத்துவிட்டார். ஞாயிறு இரண்டு பூசை, சனிக்கிழமை பாடல் குழுப் பயிற்சி. வாரத்தில் அந்த நாலைந்து மணி நேரம்தான் மைனி மைனியாக இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. மற்ற நேரமெல்லாம் அம்மாவுக்கு மருமகள், கப்பல்காரன் பெண்டாட்டி.

அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், ‘கோயிலில் எல்லாரும் பாட்டைத்தான் கேட்கிறார்கள், பின்னால் கை என்ன செய்கிறது என்று யாருமே கேட்பதில்லை’ என்று மைனி குறைப்பட்டிருக்கிறார். அண்ணன் முரடன்தான், ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் மனதில் வைத்திருப்பான். ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் விசாரித்து ஒரு இசைத்தட்டு வாங்கினான். அவன் கப்பல் கொழும்புக்கு வந்தபோது, நம்மூர்த் தோணிக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டான். தோணி நேரத்துக்கு வந்திருந்தால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னமே தட்டு எங்கள் கையில் இருந்திருக்கும். எதிர்க்காற்று. சாம்பல் புதன் கழிந்து மூன்றாம் நாள்தான் வந்தது.

அட்டை உறை தோணியின் அடியில் தேங்கிய உப்புத் தண்ணீரில் ஊறிக் கூழாகிப் போனதால் தோணிக்காரர் அதைக் கடலிலேயே எறிந்துவிட்டாராம். தட்டை மட்டும் தன் பழைய கைலிச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பாடியவர் பெயரும் பாட்டுகளின் பெயரும் மங்கலாகத் தெரிந்தன. கூட யார் வாசித்தார்கள், எத்தனை பேர் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. அண்ணனின் கடிதத்தில் இரண்டே வரி: ‘அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் சின்ன வயதில் பியானோ வாசித்துக்கொண்டே பாடியது. நீ கையைக் கேள்.’

கேட்க முடியாது. தவசு காலம்.

எங்கள் தெருவில் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எந்த வீட்டிலும் ரேடியோ பாடாது. அம்மா ஒரு படி மேலே போவாள். கோயிலில் கடைசி இரண்டு வாரம் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் அல்லவா, அதைப் பார்த்து அம்மா எங்கள் ரேடியோவுக்கும் ஒரு ஊதாத் துணி தைத்து வைத்திருந்தாள். சாம்பல் புதன் காலையில் நெற்றியில் சாம்பலோடு வந்து முதல் வேலையாக ரேடியோவை மூடுவாள். பக்கத்தில் இருந்த ரிக்கார்டு பிளேயர் சின்னப் பெட்டி மாதிரி மூடியிருந்ததால் அதற்குத் துணி தைக்கவில்லை. மூடியே போதும் என்று நினைத்திருப்பாள்.

எனக்கும் அந்த வருடம் ஒழுங்காக இருக்க ஒரு காரணம் இருந்தது. பெரிய வெள்ளியன்று கோயிலில் இயேசுவின் பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் ராகத்தோடு பாடுவார்கள். அதில் வரலாறு சொல்லுகிறவரின் பங்கு எனக்குக் கிடைத்திருந்தது. மூன்றிலும் நீளமான பங்கு. எங்கள் பக்கத்தில் அது சாதாரண மரியாதை இல்லை. பங்குச்சாமி மூன்று பேரையும் நிற்க வைத்து, சினிமா, சீட்டு, பாட்டுக் கேட்பது ஒன்றும் கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தார். போன வருடம் ஒருவன் மேட்னி பார்த்தது தெரிந்து, ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று அவன் பங்கைப் பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும்.

பாவம் செய்யவேண்டும் என்று நினைத்து நாங்கள் செய்யவில்லை. தட்டு உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் வளைந்திருக்குமோ என்று மைனிக்குச் சந்தேகம். மத்தியானம் நான் சாப்பிட வந்திருந்தேன். அம்மா பின்கட்டில் படுத்திருந்தாள். மைனி ஒலியை முழுவதும் அடைத்துவிட்டு, தட்டைச் சுழலவிட்டு, ஊசி ஏறி இறங்குகிறதா என்று பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

“கொழுந்தனாரே, இங்கன வாரும். ஊசி பாடுது.”

நான் கை கழுவாமலேயே போய்க் குனிந்தேன். உண்மைதான். பெட்டியின் ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. ஆனால் ஊசிமுனையில், தட்டின் மேலேயே, ஒரு தீப்பெட்டிக்குள் யாரோ கச்சேரி நடத்துகிற மாதிரி பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளிப்போனால் கேட்காது. காதை ஊசிக்கு நாலு விரற்கடை வரை கொண்டுபோக வேண்டும்.

“இதுவும் பாட்டுக் கேக்கதுல சேர்த்தியா?” என்றேன்.

“சத்தம் அடைச்சுத்தான இருக்கு? ரேடியோ மாதிரி ஊருக்கா கேக்கு?” என்றார் மைனி. “ஊசி தன்னால பாடுனா நாம என்ன செய்யதுக்கு?”

எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒருவனுக்கு வேண்டியதைச் செய்ய எவ்வளவு சின்னச் சாக்கு போதும் என்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

அதிலிருந்து ஐந்து வாரம், ஞாயிறு தவிர, மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி வரை. மேசை ஜன்னலோரத்தில் இருந்தது. மைனி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஊசி நடுவில். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருப்போம். முதல் வாரம் எனக்குக் குரலும் ஒரு டிங்டிங்கும்தான் கேட்டது. கேட்கச் சொல்லிக்கொடுத்தது மைனிதான். ஒரு வரி பாடிவிட்டு அவர் நிறுத்துகிறார், உடனே வலது கை அதற்கு ஒரு பதில் சொல்கிறது, அந்தப் பதிலில் கொஞ்சம் கேலி இருக்கிறது, கேளும் என்பார். காதலைப் பற்றி உருகிப் பாடுகிறவரைப் பார்த்து அவருடைய விரலே சிரிக்கிறது. அப்புறம் ஒரு கிதார். கிதாரும் பியானோவும் ஒரே ஓட்டமாக, ஒரு சுரம் பிசகாமல் சேர்ந்து ஓடி, திடீரென்று இரண்டும் நின்றுவிடும். மேளம் கிடையாது. தாளத்தை யாரும் அடித்துச் சொல்வதில்லை, ஆனாலும் அது எங்கோ நடந்துகொண்டே இருந்தது. பாட்டே இல்லாமல் வெறும் வாசிப்பு மட்டும் உள்ளவை மூன்று இருந்தன. மைனிக்கு அவைதான் உயிர். மேசை விளிம்பில் அவர் விரல்கள் சத்தமில்லாமல் கூடவே ஓடும்.

மூன்றாவது வாரம் மைனி ஒன்று சொன்னார்.

“இவன் எடது கைய கவனிச்சீரா? கனத்த சத்தம் வார கீழ்க்கட்டைக்குப் போகவே மாட்டேங்கான். சும்மா ரெண்டு தட்டுத் தட்டிட்டு விட்டுருதான். அவ்வளவு தெரிஞ்சவன் அங்க ஏன் எடத்தக் காலியா விடணும்?”

“சோம்பேறியா இருக்கும்.”

“போவும். யாருக்கோ எடம் விட்டு வாசிக்கான். இதுல இன்னொரு ஆள் இருக்கான் கொழுந்தனாரே. அடியில நிக்கான். ஊசியில அவன் கேக்கல, அவ்வளவுதான்.”

இல்லவே இல்லை, பியானோவும் கிதாரும் மட்டும்தான் என்று நான் சாதித்தேன். கேட்காத ஒருவனை இருக்கிறான் என்று எப்படிச் சொல்லலாம்? பியானோக்காரன் விட்டுவைத்த இடத்தைப் பார்த்துத்தான் என்றார் மைனி. பந்தயம் கட்டினோம். ஈஸ்டர் அன்று ஒலியைக் கூட்டிக் கேட்பது, மூன்றாவது ஆள் இருந்தால் நான் கால் கிலோ முந்திரி மக்ரோன் வாங்கித் தருவது, இல்லையென்றால் மைனி ஒரு மாதம் என் சட்டைகளுக்கு இஸ்திரிப் பெட்டி போடுவது. ஈஸ்டர் பூசைக்கு உன்னதப் பாட்டில் தானும் ஒரு இடத்தில் இடது கையை எடுத்துவிடப் போவதாகவும், பாடுகிறவர்களின் சத்தம் மட்டும் அங்கே தனியாக எழும்பும் என்றும் மைனி சொன்னார். பயிற்சியில் இரண்டு முறை செய்துபார்த்தாராம். பங்குச்சாமியே திரும்பிப் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி அம்மாவிடம் வந்து பேசிவிட்டுப் போனாள். என்ன பேசினாள் என்பது அவள் படியிறங்கினதும் தெரிந்தது. அம்மா மைனியைக் கூப்பிட்டாள். நான் அறையில் பெரிய வெள்ளிப் பாட்டைப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னையும் கூப்பிட்டாள்.

“ஏளா, நடுப்பகல்ல ஜன்னலோரத்துல தலையோட தல முட்டிக்கிட்டு ஒங்க ரெண்டு பேருக்கும் என்ன சோலி? பேச்சும் இல்லியாம், பாட்டும் இல்லியாம். தெனமும் பாக்காளாம் அவ.”

மைனி ஒளிக்கவில்லை. “பிளேட்டுக் கேட்டோம் மாமி. தவசுன்னு சத்தத்த அடைச்சு வச்சுத்தான் கேட்டோம். ஆனாலும் தப்புதான்.”

“சத்தம் இல்லாம எப்பிடிளா பிளேட்டுக் கேப்பாவ? என்னைய என்ன கோட்டிக்காரின்னு நெனச்சியா?”

“ஊசிக்கிட்ட காத வச்சா கேக்கும் மாமி. தம்பிகிட்ட கேளுங்க.”

கொழுந்தனாரே என்று சொல்லவில்லை, தம்பி என்றார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“ஏலே, நீ சொல்லு. பிளேட்டா கேட்டிய?”

ரிக்கார்டு பிளேயர் என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. தட்டு அதற்குள்ளேயே இருந்தது. மூடியைத் திறந்து, ஊசியை வைத்து, ‘இங்கன காத வையும்மா’ என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. அம்மா திட்டியிருப்பாள், எனக்கும் மைனிக்கும் சேர்த்து. தட்டைப் பிடுங்கிப் பூட்டியிருப்பாள். அதோடு போயிருக்கும். ஆனால் நான் வாக்குக் கொடுத்துவிட்டுப் பாட்டுக் கேட்டேன் என்பது பங்குச்சாமிக்குப் போகும். ஆறு நாளில் பெரிய வெள்ளி. என் வெள்ளைச் சட்டை சலவைக்குப் போய் வந்து மடித்து வைத்திருந்தது.

“எனக்கென்ன தெரியும்?” என்றேன். “மைனிதான் கூப்புட்டாவ, போனேன்.”

இதில் எது பொய்? மைனிதான் கூப்பிட்டார். நான் போனேன். அன்றைக்கு எனக்கு இது ஆறுதலாக இருந்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பொய்யைச் சொல்லும் தைரியம்கூட இல்லாமல், ஒரு உண்மையை எடுத்து அந்தப் பெண்ணின் தலையில் போட்டேன். மைனி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. எதையோ தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று பார்க்கிற பார்வை.

அம்மா சத்தம் போடவில்லை. அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். கப்பல்காரன் வீட்டில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் அது அவன் இறங்குகிற துறைமுகத்துக்கு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். “ஒன் மாப்பிள்ள வார வரைக்கும் ஒங்க அம்மா வீட்டுல போயி இரி” என்றாள்.

அன்றிரவே அம்மா ஆள் அனுப்பியிருந்ததால், மறுநாள் காலையில் மைனியின் தம்பி வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து வந்து கூட்டிப்போனான். எங்கள் குருத்தோலை பவனி தெருவை அடைத்துக்கொண்டு வந்ததால் அவர்கள் ஏறின சைக்கிள் ரிக்ஷா ஓரமாக ஒதுங்கி நின்றது. நான் பாடல் குழுவோடு முன்வரிசையில் நடந்துகொண்டிருந்தேன். மைனி மடியில் ஒரு பெட்டி. அவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன். பிறகு கோயிலில் ஆர்கனில் கான்வென்ட் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மைனிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா சாமியிடம் சொல்லியிருந்தாள்.

பெரிய வெள்ளியன்று நான் நன்றாகப் பாடினேன். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பிசிறு இல்லை. நெருப்பருகில் குளிர்காய்ந்துகொண்டிருந்த சீடர், பிடிபட்ட தன் குருவைப் பற்றிக் கேட்டதும், அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று சொல்கிற இடமும், சேவல் கூவுகிற இடமும் என் பங்கில்தான் வந்தன. உருக்கமாகப் பாடினேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்தாள்.

ஈஸ்டர் பூசையில் உன்னதப் பாட்டுக்கு அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் ஆர்கனை நசுக்கி எடுத்தாள். பாவம், அவள்மேல் தப்பில்லை. மைனி கையை எடுக்கிறேன் என்று சொன்ன இடம் வந்தது, போனது. எனக்கு மட்டும்தான் அங்கே ஒன்று குறைந்தது தெரியும்.

மத்தியானம் கறிச் சாப்பாடு. அம்மா ரேடியோவின் துணியை எடுத்து மடித்தாள். தெருவெல்லாம் பாட்டு. நான் முன் அறைக்குப் போய், மூடியைத் திறந்து, தட்டின் மேல் ஊசியை வைத்து, ஒலியைப் பாதிக்கு மேல் திருப்பினேன்.

இருந்தான்.

முதல் நொடியிலேயே இருந்தான். மேசை அதிர்ந்தது. பியானோவுக்கும் கிதாருக்கும் அடியில், ஆள் உயர வயலின் ஒன்றை வில் இல்லாமல் விரலால் சுண்டிக்கொண்டு ஒருவன் ஒவ்வொரு அடியாக நடந்துகொண்டிருந்தான். ஐந்து வாரம் நாங்கள் தாளம் எங்கோ நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது அவன் நடைதான். அவன் அடியில் நிற்பதால்தான் பியானோக்காரர் கீழ்க்கட்டையைத் தொடாமல் மேலே அத்தனை லேசாக ஓட முடிந்தது, பாடும்போது பேசுகிற மாதிரி அவசரமில்லாமல் பாட முடிந்தது. மூன்று பேர். ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர், யாரும் யாரையும் இடிக்காமல். பெரிய குழுக்களில் இருபது பேர் சேர்ந்தாலும் கிடைக்காதது இந்த மூன்று பேருக்குக் கிடைத்ததற்குக் காரணம், வாசிக்கும்போதே ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். இன்று வரை இதைவிட மேலாக அந்த ஒலிப்பதிவுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. இதுவும் மைனி சொன்னதுதான். அவர் அவனைக் கேட்காமலே சொன்னார்.

ஒரு பக்கம் முடிவதற்குள் நிறுத்திவிட்டேன். நியாயமாக அன்றே திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி வீரபாண்டியன்பட்டினம் போயிருக்க வேண்டும். கால் கிலோ மக்ரோனோடு போய், ‘நீங்க சொன்னது சரி மைனி, மூணு பேரு’ என்று சொல்லியிருக்க வேண்டும். பாடியாயிற்று, பாராட்டும் வாங்கியாயிற்று, இனி நான் இழக்க ஒன்றும் இல்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லவும் இனி எந்தத் தடையும் இல்லை. ஆனால் இப்போது சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று வரும். நாள் போகப் போக அந்தக் கேள்விதான் பெரிதாகிக்கொண்டு போனது. ஈஸ்டர் மாதம் போய் மழை மாதம் வந்தது. கோயிலில் ஆர்கன் அந்தப் பிள்ளைக்கே என்று ஆனது.

அடுத்த வருடம் சாம்பல் புதனுக்கு முன்னால் அண்ணன் லீவில் வந்தான். நேராக வீட்டுக்கு வரவில்லை, வீரபாண்டியன்பட்டினம் போய் மைனியோடு வந்து இறங்கினான். வாசலில் பெட்டியை வைத்தவன் அம்மாவை ரிக்கார்டு பிளேயர் பக்கம் கூட்டிப்போனான். ஒலியை அடைத்தான், தட்டை ஓடவிட்டான்.

“இங்கன குனிஞ்சு காத வையி.”

அம்மா குனிந்தாள். அரை நிமிஷம் அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது. அடுப்படிக்குப் போய், மைனிக்குப் பிடித்த சீலாமீனை வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள். சாயங்காலம் மைனியின் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு அழுததை நானே பார்த்தேன். அம்மாவுக்கு அது முடிந்தது. நான் செய்திருக்கவேண்டிய ஒரு நிமிஷ வேலை, பதினோரு மாதம் கழித்து வேறொருவன் கையால் நடந்தது. அண்ணன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பங்குச்சாமி, கல்யாணப் பூசைகளுக்கு வேண்டுமானால் வந்து வாசிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்றுவிட்டார் மைனி. அதற்குப் பிறகு எந்த ஆர்கனிலும் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம். அண்ணன் கப்பல் கம்பெனி வேலையாக வெளியே போயிருந்தான். நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். முன் அறையில் தட்டு ஓடத் தொடங்கியது. முழுச் சத்தத்தில். நான் கதவருகில் போய் நின்றேன். மைனி மேசையிலிருந்து சற்றுத் தள்ளி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அடிநடை கேட்டதும் அவர் தலை தூக்கினார். அடுத்த நொடி ஒரு சிரிப்பு. அவர் எங்கள் வீட்டை விட்டுப் போனதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

“மூணு பேருதான்!” என்றார். “நான் சொன்னேம்லா? எங்க மக்ரோன், கொழுந்தனாரே?”

கொழுந்தனாரே என்று அவர் கூப்பிட்டதில் எனக்கு மனம் இளகிவிட்டது. இப்போதாவது ஒரு உண்மையை உண்மையாகவே சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு அது ஒரு தொடக்கம் என்றும் நினைத்தேன்.

“எனக்கு ஈஸ்டர் அன்னைக்கே தெரியும் மைனி. அன்னைக்கே போட்டுக் கேட்டுட்டேன்.”

மைனியின் சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது. கையை நீட்டி ஒலியைக் குறைத்தார். குறைத்துக்கொண்டே வந்து முழுவதும் அடைத்தார். தட்டு சுழன்றுகொண்டிருந்தது. நான் நின்ற இடத்துக்கு ஊசியின் சத்தம் கேட்கவில்லை.

“அன்னைக்கேயா?” என்றார். “அதையும் சொல்லலியா?”